கோல்ஃப் கிறீனில் தண்ணீர் நிற்கிறதா? முதலில் குழியைப் பாருங்கள்

கார்த்திகை பிறந்தால் எனக்கு வருகிற அழைப்புகளில் பாதி ஒரே மாதிரித்தான் தொடங்கும். "அண்ணை, மழை விட்டு ரெண்டு நாளாச்சு. கிறீனிலை இன்னும் தண்ணி நிக்குது. ஒரு லோட் மண் கொட்டட்டோ?" கொட்டவேண்டாம் என்றுதான் எப்போதும் சொல்கிறேன். எந்த இடத்தில் தண்ணீர் தடைப்படுகிறது என்று தெரியாமல் மேலே கொட்டுகிற ஒவ்வொரு கூடை மண்ணும், அடுத்த மாரிக்கு நாமே போட்டு வைக்கிற இன்னொரு மூடி.

வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பதினொரு வருடம் புல்தரை பராமரித்துவிட்டு ஊருக்கு வந்தவன் நான். இப்போது யாழ்ப்பாணத்து வலிகாமப் பக்கம், வெளிநாட்டிலிருந்து வந்து வீடு கட்டியவர்களின் வளவுகளிலும் ஒரு விடுதியிலும் உள்ள சிறிய பயிற்சிக் கிறீன்களைப் பார்த்துக்கொள்கிறேன். பந்தை உருட்டிக் குழியில் போட்டுப் பழகும் இடங்கள். பெரியது என்றால் அரைப் பரப்பு, கிட்டத்தட்ட ஆயிரத்து முந்நூறு சதுர அடி வரும். அங்கே படித்த மண் கணக்கு இங்கேயும் அப்படியே செல்கிறது. ஆனால் வடிகிற தண்ணீர் கடைசியில் எங்கே போகும் என்ற கணக்கு யாழ்ப்பாணத்தில் முழுக்க வேறு. இங்கே கிறீன்கள் கெடுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

தோண்டாமல் சோதிக்க ஒரு வழி

கோல்ஃப் குழி 4.25 இஞ்சி அகலம், குறைந்தது 4 இஞ்சி ஆழம். கிறீனிலேயே ஒரு சோதனைக் கிடங்கு தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை விட்டு, மேல்தண்ணீர் மறைந்த பிறகு போய்க் குழிக்குள் பாருங்கள். குழியும் வடிந்திருந்தால் கோளாறு மேலோட்டமானது. மேலே காய்ந்தும் குழிக்குள் தண்ணீர் நின்றால், உங்கள் மணல் அந்த மட்டம் வரை நிரம்பிக் கிடக்கிறது.

அடுத்து, குழி வெட்டும் கருவியால் ஈரமான இடத்தில் ஒன்று, நல்ல இடத்தில் ஒன்று என இரண்டு மண்துண்டுகளை எடுங்கள். கருவி இல்லையென்றால் 4 இஞ்சி பிவிசி குழாயில் ஒரு அடித் துண்டு வெட்டி, ஒரு வாயை அரத்தால் கூராக்கி, மேலே பலகை வைத்துச் சுத்தியலால் இறக்கினால் போதும். இரண்டு துண்டுகளையும் சாக்கில் பக்கத்துப் பக்கத்தில் கிடத்தி, கத்தியால் நெடுக்காகப் பிளவுங்கள். எந்த ஆழத்தில் நிறம் மாறுகிறது, எங்கே வேர் நின்றுவிடுகிறது, எங்கே விரல் நனைகிறது என்று பார்த்து, மணந்தும் பாருங்கள். இந்தப் பத்து நிமிட வேலை பல லோட் மண்ணை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது பேணிச் சோதனை. பால்மாப் பேணியின் மூடியையும் அடியையும் வெட்டி, 2 இஞ்சி ஆழத்துக்கு இறக்கித் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் ஊற்று மண்ணை நனைக்க. அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம். இரண்டாவது ஊற்றில் ஒரு இஞ்சி இறங்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 10 நிமிடம் என்றால் மணிக்கு 6 இஞ்சி. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்டு, பின்னர் பலமுறை திருத்திய கட்டுமான முறையில், மணல் படைக்கு ஆய்வுகூடத்தில் கேட்கிற குறைந்த வேகமும் இதுதான். பேணியின் அடியில் தண்ணீர் பக்கவாட்டிலும் கசியும் என்பதால் உங்கள் அளவு சற்றுக் கூட்டியே காட்டும். ஒரு இஞ்சிக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தால் கீழே சொல்லும் கோளாறுகளில் ஏதோ ஒன்று உங்களுக்குப் பொருந்தும்.

மேலே குளம், இரண்டு இஞ்சிக்குக் கீழே காய்வு

மண்துண்டின் தலை மட்டும் சொதசொதவென்று இருக்கும். அதற்குக் கீழே மணல் உதிரும். தண்ணீர் வாசலிலேயே தடைப்பட்டு நிற்கிறது.

புல்லுக்கும் மண்ணுக்கும் இடையில் பழுப்பாக, பஞ்சு போல ஒரு படை தெரிகிறதா? செத்த தண்டும் ஓடுதண்டும் மக்காமல் சேர்ந்தது அது. கோல்ஃப்காரர் பெர்முடா என்று வாங்குவது நம் அறுகின் இனம்தான். பிள்ளையாருக்கு வைக்கிற அதே அறுகு, கலப்பினமாக்கி மிகக் குட்டையாக வெட்டப்படுகிறது. அறுகின் ஓட்டம் நமக்குத் தெரியும். வெயிலும் உரமும் கிடைத்தால் ஒரு வருடத்திலேயே மெத்தை கட்டிவிடும். அரை இஞ்சிக்கு மேல் போனால் அது ஈரச் சாக்குப் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.

மெத்தை இல்லை, ஆனால் மண் இறுகிக் கத்தி இறங்க மறுக்கிறது என்றால், ஈரத்தில் நடந்ததும் உருளை ஓட்டியதும்தான் காரணம். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்று. அரை இஞ்சி அகலமுள்ள, குழாய் போல உள்ளே வெறுமையான பொள்ளல் ஊசியால், இரண்டு இஞ்சிக்கு ஒன்றாக, 3 முதல் 4 இஞ்சி ஆழத்துக்கு மண்ணைக் குத்தி எடுங்கள். வெளியே வருகிற மண்குச்சிகளைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். திரும்பத் தேய்த்து உள்ளே விட்டால் செய்த வேலை வீண். துளைகளில், கிறீன் கட்டிய அதே மணலைக் காய்ந்ததாகப் போட்டுத் தும்புத்தடியால் தள்ளி நிரப்புங்கள். இதைச் செய்யும் காலம் ஆடி, ஆவணி. அறுகு அப்போதுதான் வேகமாக ஓடி காயத்தை மூடும். ஐப்பசி மழைக்குப் பிறகு தொடவேண்டாம்.

மேல்மணலோடு "சத்துக்கு" என்று செம்மண் கலக்கும் பழக்கம் இங்கே விடாமல் இருக்கிறது. கோண்டாவில், உரும்பிராய்த் தோட்டங்களில் செம்மண் தண்ணீரை எப்படிக் குடிக்கிறது என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் தவறு தெரியாது. தோட்டத்தில் அந்த மண் கட்டிகளாக, புழுத்துளைகளோடு, கொத்தி விட்டபடி கிடக்கிறது. அரித்துத் தூளாக்கி மணலின் மேல் தூவினால் அதன் நுண்தூள் மணலின் இடுக்குகளில் இறங்கி அடைக்கும். கால்விரல் நகக் கனத்துச் செம்மண் படை ஒன்று ஒரு அடி நல்ல மணலைக் குருடாக்கிவிடும். தயவுசெய்து வேண்டாம்.

நடுவில் கறுப்பு, கூழ்முட்டை நாற்றம்

மண்துண்டின் நடுவில் கறுப்புக் கோடு ஓடி, மணந்தால் கூழ்முட்டை வாடை வந்தால், அந்த இடத்தில் காற்று இல்லை. காற்றில்லாத ஈரத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கந்தகத்தை மாற்றி, அது இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. வேர் அந்தக் கோட்டோடு நின்றுவிடும். மேலே புல் மஞ்சளாகும். பலர் மஞ்சளைக் கண்டவுடன் உரம் போடுகிறார்கள். அதுவும் அமோனியம் சல்பேற்று என்றால் கந்தகத்துக்கு மேல் கந்தகம்.

கறுப்புக் கோட்டைத் தாண்டி இறங்கும்படி துளை போடுங்கள். கோடு 5 இஞ்சியில் என்றால் துளை 7 இஞ்சிக்குப் போகவேண்டும். கந்தகமுள்ள உரத்தை நிறுத்துங்கள். மோட்டர் இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று தினம் நனைப்பதையும் நிறுத்துங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆழமாக விடுவதே அறுகுக்குப் போதும்.

எல்லா இடமும் ஒரே ஈரம், மணல் பட்டுப் போல மெத்தென்று

இது சொல்ல விருப்பமில்லாத செய்தி. மணலே பிழை.

நல்ல கிறீன் மணலில் குறைந்தது 60 வீதம் கால் மில்லிமீற்றருக்கும் ஒரு மில்லிமீற்றருக்கும் இடைப்பட்ட மணிகளாக இருக்கவேண்டும். கடைச் சீனியின் பருமனை மனதில் வைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரி. மணற்காடு, அம்பன் பக்கத்து மேட்டு மணல் காற்று அள்ளிச் சலித்துக் குவித்தது. பார்வைக்கு அழகு, கையில் பட்டு. அந்த நுண்மணலில் இடுக்குகள் சிறியவை, தண்ணீரைக் கெட்டியாகப் பிடிக்கும். அனுமதியில்லாமல் அதை அள்ளுவது சட்டப்படியும் குற்றம். அந்த மேடுகள் கடலுக்கும் ஊருக்கும் இடையில் நிற்கிற வேலி. எந்தக் கிறீனும் அதற்கு ஈடில்லை.

மணல் சரியாக இருந்தும் இதே அறிகுறி வரலாம், ஆழம் குறைந்தால். பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டும், பிறகு நிற்கும். அப்படியே செங்குத்தாக நிமிர்த்துங்கள், மறுபடி ஒழுகும். ஸ்பொஞ்சின் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் தங்கியே தீரும். நிமிர்த்தும்போது அந்த உயரத்துக்கு மேலே இருப்பது மட்டும் இறங்குகிறது. மணல் படையும் அப்படித்தான். 12 இஞ்சி போட்டால் அடியில் சில இஞ்சி நிரம்பி நிற்கும், மேலே வேருக்குக் காற்று இருக்கும். செலவைக் குறைக்க 6 இஞ்சி போட்டால் அந்த ஈரம் வேரடிக்கே வந்துவிடும். "ஆறு இஞ்சி காணும்தானே" என்று மேசன்மார் சொல்வது கொங்கிறீற்றுக்குச் சரி. அலவாங்கால் நாலைந்து இடத்தில் குத்தி ஆழத்தை அளந்து பாருங்கள். ஈரமான மூலைகள் எல்லாம் மணல் மெல்லிய மூலைகளாக இருக்கும்.

மணல் பிழையென்றால் உரித்துவிட்டுத் திரும்பக் கட்டுவதுதான் நேர்மையான பதில். இரண்டு மாரி தள்ளிப்போட, இரண்டு இஞ்சி அகலத்தில் நீள வெட்டுகள் வெட்டி, மணலுக்கு அடியில் தண்ணீர் வடியப் போட்ட சல்லி வரை பருமணல் நிரப்பலாம். மூன்றாவது மாரிக்கு நான் உத்தரவாதம் சொல்லமாட்டேன்.

புதுக் கிறீன், முதல் மாரியிலேயே தொட்டி

இது நான் நேரில் பட்டது. ஒரு விடுதிக்குக் கிறீன் கட்டினோம். வரைபடத்தில் மணலுக்குக் கீழே நாலு இஞ்சி "கிரவல்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் இரண்டு நாள் கொழும்பில். திரும்பி வந்தபோது மணலும் கொட்டிச் சமன் செய்தாயிற்று. ஐப்பசியின் முதல் பெருமழையில் கிறீன் கழுத்து வரை நிரம்பியது. வடிகால் குழாயின் வாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு மூலையைத் தோண்டினேன். மணலுக்கு அடியில் செந்நிறமாக, ஒழுங்கை போல இறுகிய தரை. அலவாங்கு மோதித் திரும்பியது. மேசன் பக்கத்தில் வந்து நின்று உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார்: "அண்ணை, கிரவல் எண்டுதானே கிடந்தது? ரெண்டு தரம் தண்ணி அடிச்சு, உருளை போட்டு வடிவா இறுக்கித்தானே விட்டனான்."

அவர் செய்தது நம் ஊர்க் கிரவலுக்கு மிகச் சரியான வேலை. றோட்டுக்குப் போடுகிற, களி கலந்த அந்தச் செம்மண் இறுகுவதற்கென்றே உள்ளது. வரைபடம் கேட்டதோ இறுகவே கூடாத, கழுவிய, கால் இஞ்சிப் பருமன் கல். அவ்வளவு மணலையும் அள்ளி வெளியே போட்டுக் கிரவலைப் பிக்காசால் கொத்தி எடுக்க ஒன்பது நாள் பிடித்தது. அன்றிலிருந்து வரைபடத்தில் அந்தச் சொல்லை நான் எழுதுவதில்லை. "கழுவின கருங்கல் சல்லி, கால் இஞ்சி" என்றுதான் எழுதுகிறேன். ஏற்றி வருகிற ரிப்பர் லொறியையும் நானே பார்த்துத்தான் இறக்குகிறேன். நம்முடைய சுண்ணாம்புக்கல் சல்லி மலிவுதான். ஆனால் உடைந்து மாவாகிற மெதுகல் அடியில் இருந்தால் பத்து வருடத்தில் என்னாகும் என்று நினைத்து அதைத் தவிர்க்கிறேன்.

உங்கள் கிறீன் புதியது, முதல் மாரியிலேயே நிரம்புகிறது என்றால், வேறு எதையும் பார்க்குமுன் ஒரு மூலையில் மணலின் அடிவரை தோண்டி அங்கே இருப்பது என்ன என்று பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் ஈரம், கோரை கூட்டம் கூட்டமாக

கோரை ஒரே இடத்தில் அடர்ந்து வந்தால் அதைக் கிழங்கோடு பிடுங்கிக்கொண்டிருக்காமல் கீழே குழாயைத் தேடுங்கள். குழாய்கள் 15 அடிக்கு ஒன்றாக, 100 அடிக்குக் குறைந்தது அரை அடி சரிவில் போயிருக்கவேண்டும். ஒரு வரி அடைபட்டால் அதன் மேலே உள்ள புல்லில் அந்த வரி அப்படியே தெரியும்.

மேல் முனையில் கழுவு வாய் விட்டிருந்தால் தோட்டக் குழாயைச் செருகித் தண்ணீர் அடியுங்கள். மறுமுனையில் என்ன வருகிறது என்பதே பதில். மயிர் போன்ற வேர் வந்தால் வேலிப் பூவரசு. அந்த மரத்துப் பக்கம் இரண்டு அடி ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி வேரை அறுத்து, தகடு இறக்கவேண்டும். வெள்ளைச் சுண்ணாம்புச் செதில் வந்தால், கேத்தலில் படிகிற அதே படிவு. நம் கிணற்றுத் தண்ணீரின் குணம். மணல் வந்தால் குழாய் எங்கோ உடைந்திருக்கிறது. கழுவு வாயே விடவில்லையென்றால் இப்போதாவது ஒன்று விடுங்கள்.

குழாய் சுத்தம், சல்லி சரி, மணல் சரி. மார்கழியில் மட்டும் நிற்கிறது

இதைத்தான் யாழ்ப்பாணத்துக் கோளாறு என்கிறேன். முதலில் போய் உங்கள் கிணற்றை எட்டிப் பாருங்கள்.

நம் குடாநாடு துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி, அடியில் உள்ள உப்புத்தண்ணீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. ஆறு என்று சொல்ல மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்றுதான். மற்றதெல்லாம் கீழே இறங்கவேண்டும். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டுவதால், நிலத்தடி மட்டம் அந்த மூன்று மாதத்தில் மளமளவென்று ஏறும். 2008இல் நிஷா புயல் மழையைக் கண்டவர்களுக்கு, கிணற்றுத் தண்ணீரைக் குனிந்து கையால் அள்ளியது நினைவிருக்கும்.

இப்போது உங்கள் கிறீனின் குழாய் எங்கே போய் விழுகிறது? பெரும்பாலும் வளவின் மூலையில், ஐந்தாறு அடி ஆழமான ஊறுகுழி ஒன்றில். பங்குனியில் வெட்டும்போது அது வறண்ட கிடங்கு. மார்கழியில் கிணற்றுத் தண்ணீர் நிலமட்டத்துக்கு மூன்றடிக் கீழே நின்றால் ஊறுகுழியிலும் அதே மூன்றடிதான். அதைவிடத் தாழ்வாக இருக்கிற குழாய் வாய் தண்ணீருக்குள் மூழ்கிவிடும். கிறீனுக்குள் இருக்கிற தண்ணீருக்குப் போக இடமில்லை. ஊறுகுழியை இன்னும் ஆழமாக்குவது இதற்கு உதவாது. ஆழமாக்கினால் நிலத்தடித் தண்ணீருக்குள் கையை நீட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

கிணற்றுக் கட்டிலிருந்து தண்ணீர் மட்டம் வரை ஒவ்வொரு ஞாயிறும் கயிறு விட்டு அளந்து, கலண்டரில் குறித்துவையுங்கள். ஒரு மாரி குறித்தால் உங்கள் வளவின் உச்ச மட்டம் கைக்கு வந்துவிடும். கட்டு நிலத்துக்கு மேலே எவ்வளவு உயரம் என்பதைக் கழிக்க மறக்கவேண்டாம். தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற லெவல் ரியூப்பில் கிறீனின் குழாய் வாயை அதோடு ஒப்பிடுங்கள். வாய் உச்ச மட்டத்துக்கு மேலே ஒரு அடியாவது நின்றால் நல்லது. இல்லையென்றால் இரண்டு வழி. கட்டுமுன் என்றால் கிறீனைத் தோண்டி இறக்காமல் நிலத்துக்கு மேலே ஒன்றரை, இரண்டு அடி மேடையாக எழுப்புங்கள். சல்லியும் மணலும் முழுவதும் நிலமட்டத்துக்கு மேலேயே அடங்கிவிடும். ஏற்கெனவே கட்டியாயிற்றென்றால், குழாய் முடிகிற இடத்தில் அடியும் பக்கமும் சீமெந்து பூசிய சிறு தொட்டி கட்டி, மிதவை வைத்த சின்ன மோட்டரால் வெள்ள வாய்க்காலுக்கு இறையுங்கள். தொட்டி கசிந்தால் கிணற்றையே இறைத்துக்கொண்டிருப்பீர்கள்.

சிலர் இதற்குக் குறுக்குவழி சொல்வார்கள்: பாவிக்காத கிணறு இருக்கிறது, குழாயை அதற்குள் விடு, அல்லது பாறையில் வெடிப்பைக் கண்டுபிடித்து அதில் இறக்கு. தண்ணீர் உடனே மறையும், உண்மைதான். ஆனால் கிறீனில் போட்ட யூரியாவும் பூச்சி மருந்தும் மண்ணில் வடியாமல் நேரே அந்த வெடிப்பு வழியாகப் பக்கத்து வளவின் கிணற்றுக்குப் போகும். அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைகள் குடிக்கிறார்கள். நைத்திரேற்று ஏறிய கிணறுகள் நம்மிடம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. அப்படிக் கேட்டவர்களின் வேலையை நான் ஏற்கவில்லை, இனியும் ஏற்கமாட்டேன்.

இன்னும் சில

மழையின்போது குடை பிடித்துக்கொண்டு கிறீனருகே நின்று பாருங்கள். கூரைப் பீலி, வீட்டு முற்றம், உயர்த்திப் போட்ட ஒழுங்கை, இவற்றிலிருந்து தண்ணீர் உள்ளே ஓடிவந்தால் கிறீனில் குறையில்லை. மேட்டுப் பக்கம் ஒரு கான் வெட்டித் திருப்பிவிடுங்கள்.

மேற்பரப்பில் 20 அடிக்கு 5 இஞ்சி வரை சரிவு இருக்கலாம், பந்து அதில் ஓடிப்போகாது. தட்டையான கிறீனில்தான் தண்ணீர் தங்கும்.

மாமர நிழல் விழுகிற பக்கம் மட்டும் பாசி பிடிக்கிறதென்றால் கொப்பை வெட்டுங்கள். அறுகு நிழலில் வாழாது.

கடல் நீரேரிப் பக்கம், உவர்க் கிணற்றில் இறைப்பவர்களுக்கு: மேலே வெள்ளை பூத்தால் நாக்கில் வையுங்கள். கரித்தால் உப்பு, கரிக்காமல், வினாகிரி விட்டதும் நுரைத்தால் சுண்ணாம்பு. உப்பென்றால் முதல் மாரி மழையே மருந்து, வடிகால் திறந்திருந்தால். சுண்ணாம்புக்கு ஜிப்சம் போடச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்டுக் காசைக் கரைக்காதீர்கள். அது சோடியத்துக்கான மருந்து.

தண்ணீர் நிற்கிற நாட்களில் வெட்டு மெசினை ஏற்றவேண்டாம். புல் ஒரு விரல் வளர்ந்தால் வளரட்டும். விளிம்பில் நின்று நீளக்கம்பு றப்பர்த் தள்ளியால் மேல்தண்ணீரைத் தள்ளிவிட்டு, பனி விழுகிற தை மாதம் வரும்வரை குழியை மட்டும் தினம் ஒருமுறை எட்டிப் பார்த்துக் குறித்துவையுங்கள்.